பிள்ளையின் பள்ளியில் ஒரு குறை என்றால் யாரிடம், எப்படிப் பேசுவது? சொன்னால் பிள்ளையை ஒதுக்கிவிடுவார்களா?

நீங்கள் கேட்டிருப்பதில் இரண்டாவது கேள்விதான் பெரியது. அந்தப் பயத்தில் இரண்டு மாதம் வாயைத் திறக்காமல் இருந்தவள் நான். அப்புறம் திறந்தபோது தப்பான இடத்தில் திறந்தேன். அதையே முதலில் சொல்கிறேன்.

நாங்கள் பல்லடம் பக்கம். வீட்டுக்காரர் தறி ஓட்டுகிறார், நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங். மகள் அப்போது ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளியில் நாலாம் வகுப்பு. காலையில் நிரப்பிக் கொடுக்கிற தண்ணீர் பாட்டில் பொழுதோடு அப்படியே நிறைந்து திரும்பி வரும். "ஏஞ்சாமி குடிக்கல?" என்றால், "தாகமே எடுக்கலம்மா" என்பாள். பள்ளியில் கேட்கப் பயந்து இரண்டு மாதம் சும்மா இருந்தேன். ஒருநாள் நீர்க்கடுப்பு வந்து, காய்ச்சலும் சேர்ந்துகொண்டது. தண்ணீர் குடிக்காமல், சிறுநீரையும் அடக்கி வைத்ததால் வந்தது என்றார் டாக்டர். அன்று இரவு தோண்டித் தோண்டிக் கேட்டதில், "கிளாஸ் நடக்கறப்ப மிஸ் வெளிய விடமாட்டாங்க" என்றாள்.

எனக்கு வயிறு எரிந்தது. வகுப்புப் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் மிஸ்ஸின் பெயரைச் சொல்லி நீளமாக எழுதிப் போட்டுவிட்டேன். அரை மணி நேரத்தில் நாற்பது பதில். "எங்க பையனும் இதையேதான் சொல்றான்" என்று சிலர், "அவங்க நல்ல மிஸ்ஸுங்க" என்று சிலர். யாரோ ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் தாளாளருக்கு அனுப்ப, மறுநாள் காலையில் என்னைக் கூப்பிட்டார்கள். அங்கே பேச்சு முழுக்க நான் போட்ட பதிவைப் பற்றித்தான். பாப்பாவின் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. குறை சொல்லப் போன நான் விளக்கம் சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

அந்த வாரக் கடைசியில் வேன்கள் எல்லாம் கிளம்பிய பிறகு மிஸ்ஸைத் தனியாகப் பார்த்தேன். முதலில் மன்னிப்புக் கேட்டேன். அப்புறம், "ஏனுங் மிஸ், பாப்பா நாள் முழுக்கத் தண்ணியே குடிக்கறதில்லைங்க, வகுப்புல எப்படி இருக்கறான்னு கொஞ்சம் சொல்லுங்க" என்று மட்டும் கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: இடைவேளையில் பெண்பிள்ளைகள் போவதே இல்லை, பாடம் நடக்கும்போது நாலைந்து பேர் ஒட்டுக்கா எழுந்து கேட்கிறார்கள், எல்லாரையும் ஒன்றாக அனுப்ப முடியாமல் உட்காரச் சொன்னது உண்மைதான். ஏன் ஒட்டுக்கா கேட்கிறார்கள் என்று அவருக்கும் தெரியவில்லை. இரண்டு பேருமாகக் கழிப்பறைக்குப் போய்ப் பார்த்தோம். மூன்று கதவில் இரண்டுக்குத் தாழ்ப்பாள் இல்லை. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். பத்து நிமிட இடைவேளையில் அத்தனை பிள்ளைகளும் எப்படிப் போய் வர முடியும்? என் பிள்ளை தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டாள்.

பிள்ளை பொய் சொல்லவில்லை. தன் கண்ணுக்குப் பட்டதைச் சொன்னாள். மீதி மிஸ்ஸிடம் இருந்தது, அதற்கு மேலும் கொஞ்சம் அந்தக் கதவில் இருந்தது. அதனால் யார் கேட்டாலும் நான் சொல்வது இதுதான்: முதலில் வகுப்பாசிரியரிடம் போங்கள், நேரில், தனியாக. தீர்ப்போடு போகாமல் கேள்வியோடு போங்கள். பள்ளி விடும் நேரத்தில் கேட்டருகே நின்று பேச வேண்டாம். நாற்பது பிள்ளைகளை வேன் ஏற்றிக்கொண்டிருப்பவரால் எதையும் காதில் வாங்க முடியாது.

நேரம்தான் நம் பக்கத்தில் பெரிய வெசனம். பெற்றோர் கூட்டத்தைச் சனிக்கிழமை வைப்பார்கள். கம்பெனியில் அன்றுதான் வாரச் சம்பளம். ஒன்றரை ஷிப்ட் பார்க்கிறவர்கள் எப்படிப் போவார்கள்? அப்படியென்றால் டைரியில் நாலு வரி எழுதி அனுப்புங்கள்: "பாப்பாவைப் பற்றிப் பேச வேண்டும், புதன்கிழமை மதியம் போனில் பத்து நிமிடம் கிடைக்குங்களா?" நான் கேட்ட எந்த ஆசிரியரும் இதற்கு முடியாது என்று சொன்னதில்லை.

சரி, பேசியாயிற்று. தாழ்ப்பாள் போடுவது மிஸ்ஸின் கையில் இல்லையே. அதனால் மூன்று அம்மாக்கள் கையெழுத்துப் போட்டு முதல்வருக்கு ஒரே பக்கத்தில் கடிதம் எழுதினோம். எந்தக் கழிப்பறை, எத்தனை கதவு, என்ன செய்து தர வேண்டும், எத்தனை நாளுக்குள் பதில் வேண்டும், அவ்வளவுதான். யார் பெயரும் அதில் இல்லை. நகலில் அலுவலக சீலும் தேதியும் வாங்கிக்கொண்டோம். இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். வாயால் சொன்னது அடுத்த மாதம் யாருக்கும் நினைவிருக்காது. கேரளப் பள்ளிகளில் 2019-இல் தண்ணீர் குடிக்கவென்றே தனி மணி அடிக்க ஆரம்பித்தார்கள். பாலக்காட்டில் சொந்தம் இருக்கிற ஒரு அம்மா அதைச் சொல்ல, அதையும் கடிதத்தில் சேர்த்துக் கேட்டோம். பத்தாம் நாள் தாழ்ப்பாள் வந்தது. மணி அடுத்த பருவத்தில் வந்தது.

பதிலே வராவிட்டால் அதே நகலோடு தாளாளர். அங்கேயும் நகராவிட்டால், தனியார் பள்ளிகளுக்கென்று இருக்கிற மாவட்டக் கல்வி அலுவலர், அவருக்கு மேல் முதன்மைக் கல்வி அலுவலர். கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்திலும் மனுக் கொடுக்கலாம். பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417. அரசுப் பள்ளி என்றால் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராகவும், பாதிப்பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்பது சட்டம். உங்கள் பள்ளிக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அடியும் தப்பான தொடுதலும் வேறு. அதற்கு இந்தப் படி வரிசை கிடையாது. எங்கள் லைன் வீட்டில் பீகார்க் குடும்பம் ஒன்று இருக்கிறது. அவர்கள் பையன், ரெண்டாம் வகுப்பு, வேறொரு பள்ளி. ஒருநாள் முன்கை முழுக்க ஸ்கேல் தழும்போடு வந்தான். அப்பாவுக்குத் தமிழ் எழுதத் தெரியாது, "நாம வெளியூர்க்காரங்க, எதுக்கு" என்று ஒதுங்கினார். எனக்கு மனசு கேட்கவில்லை. அன்றிரவே தழும்பைப் போட்டோ எடுத்து, அவர் சொல்லச் சொல்ல நான் கடிதம் எழுதி, காலையில் நேராகத் தலைமையாசிரியரிடம் கூட்டிப்போனேன். 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 17-ஆம் பிரிவு, பிள்ளையை அடிக்கவும் மனதளவில் வதைக்கவும் கூடாது என்கிறது. அதைக் கடிதத்திலேயே எழுதியிருந்தோம். "கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிருங்க சார்" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிச் சேர்த்துவிட்ட காலம் ஒன்று இருந்தது. அந்த வார்த்தையை இனி யாரும் விளையாட்டுக்குக்கூடச் சொல்ல வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். தப்பான தொடுதல் என்றால் பள்ளியோடு பேசிக்கொண்டு நாளைக் கடத்தாதீர்கள். குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அழையுங்கள், காவல் நிலையம் போங்கள். 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, தெரிந்தும் சொல்லாமல் மறைப்பது பள்ளிக்கும் குற்றம்.

இனி உங்கள் பயம். டி.சி. கொடுத்துவிடுவோம் என்று மிரட்டினால், எட்டாம் வகுப்பு முடியும்வரை பிள்ளையைப் பள்ளியிலிருந்து நீக்கக் கூடாது என்று அந்தக் கல்வி உரிமைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு இருக்கிறது. ஒதுக்குவது அப்படி வெளியில் தெரியாது. அதைப் பிள்ளையிடம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அதனால் பள்ளிக்குப் போகும் முன்னால் என்ன பேசப் போகிறீர்கள் என்று பிள்ளையிடம் சொல்லிவிட்டுப் போங்கள். நான் சொல்லாமல் பதிவு போட்டதில், மறுநாள் வகுப்பில் மற்ற பிள்ளைகள் கேட்டபோதுதான் என் மகளுக்கே விஷயம் தெரிந்தது. அன்று சாயங்காலம் அவள் அழுததை இன்னும் மறக்க முடியவில்லை. கடிதம் கொடுக்கிற அன்று காலையில் அவளுக்கு முழுதாகப் படித்துக் காட்டினேன். "ரெண்டு கதவுன்னு எழுதிருக்கீங்களாம்மா?" என்று கேட்டுச் சரிபார்த்துவிட்டுத்தான் வேன் ஏறினாள்.

மிஸ் அவளை ஒதுக்கினாரா என்றால், என் பதிவுக்குப் பிறகு ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை, உண்மைதான். கடிதம் கொடுத்த பிறகு அப்படி ஒன்றும் நடக்கவில்லை. தாழ்ப்பாள் போட்ட அன்று டைரியில் நன்றி என்று ஒரு வரி எழுதி அனுப்பினேன். அதற்குக் கீழே, "இப்போது இடைவேளையில் போகிறாள், நானும் பார்த்துக்கொள்கிறேன்" என்று மிஸ் எழுதியிருந்தார்.