வாசகர் கேள்வி – பதில்: நார்அட்ரீனலின் தொடர்பான ஐந்து கேள்விகள்

அப்பாவுக்கு 72 வயது. பிரஷருக்கும் புரோஸ்டேட் வீக்கத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். காலையில் கட்டிலை விட்டு எழுந்தால் கண்ணை இருட்டிக்கொண்டு வருகிறது என்கிறார். கிளினிக்கில் பிரஷர் பார்த்தால் 130/80 தான். பிறகு ஏன் தலைசுற்றல்? – வாசகி, தஞ்சாவூர்

அது உட்கார வைத்துப் பார்த்த பிரஷர். அப்பாவுக்குக் கோளாறு வருவதோ நிற்கும்போது. எழுந்து நின்றதுமே அரை லிட்டருக்கும் மேலான ரத்தம் கால்களுக்கும் அடிவயிற்றுக்கும் இறங்கிவிடும். கழுத்துத் தமனியில் இருக்கும் அழுத்த உணரிகள் இதை மூளைக்குத் தெரிவிக்க, பரிவு நரம்புகளின் (நம் கட்டுப்பாடின்றித் தானாக இயங்குபவை) முனைகளிலிருந்து நார்அட்ரீனலின் என்ற வேதிப்பொருள் வெளிவருகிறது. ரத்தக் குழாய்ச் சுவரிலுள்ள ஆல்ஃபா-1 ஏற்பிகளில் (அந்த வேதிப்பொருளின் செய்தியை வாங்கும் இடங்கள்) அது ஒட்டியதும் குழாய் சுருங்குகிறது. இதயத்திலுள்ள பீட்டா-1 ஏற்பிகளில் ஒட்டியதும் துடிப்பு கூடுகிறது. சில விநாடிகளில் இது முடிந்துவிடுவதால் நமக்கு ஒன்றும் தெரிவதில்லை.

புரோஸ்டேட்டுக்குத் தரும் டாம்சுலோசின், பிரஷருக்குத் தரும் பிரசோசின் போன்றவை இதே ஆல்ஃபா-1 ஏற்பியை அடைப்பவை. டாம்சுலோசின் பெரும்பாலும் புரோஸ்டேட்டில்தான் வேலை செய்யும். ஆனாலும் வயதானவர்களுக்கு, அதுவும் மற்ற பிரஷர் மாத்திரைகளோடு சேரும்போது, நிற்கும்போது பிரஷர் இறங்கலாம்.

வீட்டில் டிஜிட்டல் பிரஷர் கருவி இருந்தால் இப்படிப் பாருங்கள். 5 நிமிடம் படுக்க வைத்து ஒரு முறை எடுங்கள். நிற்க வைத்து 1-ஆவது நிமிடத்திலும் 3-ஆவது நிமிடத்திலும் எடுங்கள். விழாமல் ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் அதுதான் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். நாடித் துடிப்பையும் மறக்காமல் குறியுங்கள். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். பிரஷர் நன்றாக இறங்கியும் துடிப்பு ஏறவே இல்லை, துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரையும் சாப்பிடவில்லை என்றால், நரம்பே போதுமான நார்அட்ரீனலினை விடவில்லையோ என்று சந்தேகிக்க வேண்டும். நாள்பட்ட சர்க்கரை நோயிலும் பார்க்கின்சன் நோயிலும் இப்படி ஆகும்.

எழுதி வைத்த எண்களோடு டாக்டரைப் பாருங்கள். மாத்திரையை மாற்றுவதும் நேரத்தை மாற்றுவதும் அவர் முடிவு, நீங்களாக நிறுத்தாதீர்கள். அதுவரை, எழுந்ததும் கட்டில் விளிம்பில் 2 நிமிடம் உட்கார்ந்து பாதங்களை மேலும் கீழும் அசைத்துவிட்டு நிற்கட்டும். இரவில் உட்கார்ந்தே சிறுநீர் கழிக்கட்டும். இதயச் செயலிழப்போ தண்ணீரைக் குறைக்கச் சொன்ன சிறுநீரகக் கோளாறோ இல்லையென்றால், எழுவதற்கு முன் 2 டம்ளர் தண்ணீர் குடிப்பதும் உதவும்.

மனச்சோர்வுக்கு எஸ்சிட்டலோபிராம் சாப்பிட்டேன், பலன் போதவில்லை. வென்லாஃபாக்சினுக்கு மாற்றினார்கள், 75 மி.கி.யில் தொடங்கி இப்போது 150. வியர்வை, வாய் உலர்தல், படபடப்பு. நிறுத்திவிடட்டுமா? – வாசகர், கோவை

சட்டென்று நிறுத்தவே கூடாது. எஸ்சிட்டலோபிராம், மூளை நரம்புகள் செய்தி அனுப்பப் பயன்படுத்தும் செரட்டோனின் என்ற வேதிப்பொருளை மட்டும் நரம்பு முனை திரும்ப இழுத்துக்கொள்ளாமல் தடுக்கிறது. வென்லாஃபாக்சின் நார்அட்ரீனலினையும் அப்படித் தடுக்கும். 75 மி.கி.யில் அது பெரும்பாலும் செரட்டோனின் மருந்துதான். நார்அட்ரீனலின் மீதான விளைவு 150 மி.கி.யை ஒட்டியும் அதற்கு மேலும்தான் தெரியவரும். டோஸ் கூடியதும் வியர்வையும் படபடப்பும் வந்தது அதனால்தான்.

மூளைத்தண்டில் லோகஸ் செருலியஸ் என்ற மிகச் சிறிய நரம்புக் கூட்டம் உண்டு. மூளை முழுவதற்கும் நார்அட்ரீனலின் பெரும்பாலும் அங்கிருந்தே போகிறது. விழிப்பு, கவனம், ஒரு வேலையில் இறங்கும் ஊக்கம் எல்லாவற்றிலும் அதற்குப் பங்கு இருக்கிறது. அதற்காக, மனச்சோர்வு என்றால் நார்அட்ரீனலின் குறைவு என்று கணக்குப் போட முடியாது. மருந்து சில மணி நேரத்திலேயே வேலையைத் தொடங்கிவிடுகிறது, மனநிலை தேறுவதற்கோ வாரக் கணக்காகிறது. இடையில் மூளை தன்னை மாற்றிக்கொள்ள எடுக்கும் காலம் அது.

வாரம் ஒருமுறை பிரஷரும் நாடித் துடிப்பும் பார்த்துக் குறித்துக்கொண்டு போங்கள். இந்த மருந்து உடலிலிருந்து சீக்கிரம் வெளியேறிவிடும். அதனால் திடீரென விட்டால் தலைசுற்றல், குமட்டல், தலைக்குள் மின்சாரம் பாய்ந்ததுபோன்ற அதிர்வு வரும். குறைப்பதானால் டாக்டர் சொல்லும் அளவில் படிப்படியாகத்தான். சளிக்கு மாத்திரை வாங்கும்போது சூடோஎஃபெட்ரின், ஃபினைல்எஃப்ரின் இருக்கிறதா என்று அட்டையைப் பாருங்கள். இரண்டுமே பிரஷரை ஏற்றும். வலிக்கு டிராமடால் எழுதினால், இந்த மாத்திரை சாப்பிடுவதைச் சொல்லுங்கள்.

படிக்கும்போது கவனம் கூட டைரோசின் பவுடர் வாங்கலாமா? – வாசகர், சேலம்

வேண்டாம். டைரோசின் என்ற அமினோ அமிலத்திலிருந்துதான் உடல் டோபமைன் என்ற வேதிப்பொருளையும் அதிலிருந்து நார்அட்ரீனலினையும் செய்கிறது என்பது உண்மை. ஆனால் எவ்வளவு செய்வது என்பதை டைரோசின் ஹைட்ராக்சிலேஸ் என்ற நொதி கட்டுப்படுத்துகிறது. மூலப்பொருளைக் கொட்டினால் உற்பத்தி அதே அளவில் ஏறிவிடாது. பருப்பு, பால், முட்டை சாப்பிடுகிறவருக்கு வேண்டிய டைரோசின் கிடைத்துவிடுகிறது. தூக்கத்தைக் குறைத்துவிட்டுப் பவுடரைத் தேடுவது வீண்செலவு.

மூக்கடைப்புக்கு ஆக்சிமெட்டசோலின் சொட்டு மருந்தை நான்கு மாதமாக விடுகிறேன். விடாவிட்டால் மூச்சே விட முடியவில்லை. – வாசகி, யாழ்ப்பாணம்

இப்போது அடைப்பை உண்டாக்குவதே அந்தச் சொட்டு மருந்துதான். நார்அட்ரீனலின் ஒட்டும் அதே ஏற்பிகளில் ஒட்டி அது மூக்கின் ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. சில நாள்களுக்கு மேல் போனால் ஏற்பிகள் மந்தமாகிவிடும். மருந்து தீர்ந்ததும் குழாய்கள் முன்னைவிட வீங்கும். அதனால்தான் 3 முதல் 5 நாளைக்கு மேல் விடக்கூடாது என்கிறோம்.

ஒரே நாளில் விட முடியாதென்றால் முதலில் ஒரு நாசியில் மட்டும் நிறுத்துங்கள், அது திறந்தபின் அடுத்தது. ஃப்ளூட்டிகசோன் போன்ற ஸ்டீராய்டு ஸ்பிரேயைக் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் கேட்டுத் தொடங்கினால் இந்த இடைக்காலம் எளிதாகும். கொதித்து ஆறிய 250 மி.லி. தண்ணீரில் அரை தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவாக உப்பு கலந்து மூக்கைக் கழுவலாம். முதல் வாரம் சிரமம்தான், விட்டுவிடாதீர்கள்.

அம்மாவுக்குச் சிறுநீர்த் தொற்று ரத்தத்தில் பரவி ஐ.சி.யு.வில் இருக்கிறார். ‘நார்அட் ஓடுது’ என்றார்கள். கடைசிக் கட்டத்தில் போடும் மருந்து என்று உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள். – வாசகர், மதுரை

கடைசி மருந்து அல்ல. செப்டிக் ஷாக்கில், அதாவது தொற்றால் பிரஷர் ஆபத்தாக இறங்கும் நிலையில், அதை ஏற்ற முதலில் தேர்ந்தெடுப்பதே நார்அட்ரீனலின்தான். நிலைமை கடுமை என்பது உண்மை. நம்பிக்கை போய்விட்டது என்று அதற்குப் பொருளில்லை. தொற்றினால் ரத்தக் குழாய்கள் தளர்ந்து விரிந்துவிடுகின்றன. குளுக்கோஸ், சலைன் என்று எவ்வளவு ஏற்றினாலும் விரிந்த குழாயில் அழுத்தம் நிற்காது. அதைச் சுருக்க வேண்டும். சராசரி ரத்த அழுத்தத்தை 65-இல் வைப்பதுதான் பொதுவான இலக்கு. கீழ் அளவை இரண்டால் பெருக்கி, மேல் அளவைக் கூட்டி, மூன்றால் வகுத்தால் அந்த எண் வரும்: 90/55 என்றால் ஏறக்குறைய 67.

இந்த மருந்தின் வேலை சில நிமிடங்களில் ஓய்ந்துவிடும். அதனால் பம்ப் வைத்து நிறுத்தாமல் செலுத்துகிறார்கள். டோஸை உடல் எடைக்கு, நிமிடத்துக்கு இத்தனை மைக்ரோகிராம் என்று கணக்கிடுவார்கள். டாக்டரிடம் ‘நேற்று எவ்வளவு ஓடியது, இன்று எவ்வளவு’ என்று கேளுங்கள். டோஸ் குறைந்துகொண்டே வந்தும் பிரஷர் நின்றால், சிறுநீரும் நன்றாகப் போனால், தேறிவருகிறார் என்று கொள்ளலாம். டோஸ் ஏறிக்கொண்டே போனால் வாசோபிரெசின் போன்ற இன்னொரு மருந்தைச் சேர்ப்பார்கள்.

முடிந்தவரை கழுத்திலோ நெஞ்சிலோ உள்ள பெரிய ரத்த நாளத்தில் குழாய் வைத்தே இதை ஏற்றுவார்கள். அவசரத்தில் கையிலுள்ள ரத்த நாளத்தில் தொடங்குவதும் உண்டு. அப்படி ஓடும்போது நாளத்துக்கு வெளியே கசிந்தால் சுற்றியுள்ள தோலும் சதையும் அழுகிவிடும். ஊசி இருக்கும் இடம் வெளுத்து, சில்லென்று ஆகி, அம்மா வலி என்று முகம் சுளித்தால் அந்த நிமிடமே நர்ஸைக் கூப்பிடுங்கள். கசிவை முறிக்க ஃபென்டோலமைன் ஊசி உண்டு, சீக்கிரம் போட்டால்தான் பலன்.