ஆணா பெண்ணா என்று சொல்லாமல் சப்டைட்டில் எழுதுவது: கேள்வி பதில்

1994இல் வந்த 'இட்ஸ் பேட்' என்ற அமெரிக்க நகைச்சுவைப் படத்துக்குத் தமிழ் சப்டைட்டில் போடும் கொழும்பு நண்பர்களின் கேள்விகள் இவை. ஜூலியா ஸ்வீனி நடித்த பேட் என்ற பாத்திரம் ஆணா பெண்ணா என்று அறிய எல்லாரும் படும் பாடுதான் படம்.

வெள்ளவத்தையிலிருந்து: எல்லா இடத்திலும் 'அவர் வந்தார்' என்று போட்டால் போதாதா?

போதாது. எழுத்துத் தமிழில் 'அவர்' இருபாலுக்கும் பொது. ஆனால் யாழ்ப்பாணப் பேச்சில் வளர்ந்த காதுக்கு 'அவர்' ஆண், பெண்ணென்றால் 'அவ'. உங்கள் பார்வையாளரில் பலர் முதல் வரியிலேயே பேட்டை ஆணென்று முடிவுகட்டிவிடுவார்கள், படம் அங்கேயே செத்துவிடும். 'அவங்க' கொழும்பில் பலருக்குப் பழக்கம்தான், ஆனால் வடக்கிலிருந்து வந்தவருக்கு அது பலரைக் குறிப்பதுபோலத் தோன்றலாம்.

பால் காட்டும் வினைமுற்றைத் தவிர்ப்பதே வழி. பால் காட்டாத வடிவங்கள் தமிழில் நிறைய உண்டு: வரவில்லை, வரலாம், வர வேணும், வர ஏலாது, வந்தாச்சு. 'பேட் பயந்துவிட்டார்' என்பதை 'பேட்டுக்குப் பயம் வந்திட்டுது' என்று மாற்றுங்கள். தெரியும், பிடிக்கும், பசிக்குது எல்லாம் இப்படி 'கு' உருபோடு வருவதால் பாதி வசனம் தானாகவே சரியாகிவிடும். தன்மையிலும் முன்னிலையிலும் சிக்கலே இல்லை. வந்தேன், வந்தீங்கள் இரண்டும் பால் காட்டா. 'ஆள் வந்திட்டுது' என்பதும் செல்லும், ஆனால் நெருங்கினவர் வாயில் மட்டும். மற்ற இடத்தில் மரியாதைக் குறைவு.

அதே ஆள்: பெயரை 'பாட்' என்று எழுதலாமா?

வேண்டாம். 'பாட்டுக்கு', 'பாட்டை' என்று வரும்போது பாட்டுப் பாடுவதாக வாசிப்பார்கள். 'பட்' என்றால் பட்டுச்சேலை. 'பேட்' பரவாயில்லை, 'பேட்டை' மட்டும் ஊர்ப்பெயர்போல இடிக்கும். அந்த இடங்களில் 'பேட்டிடம்', 'பேட்டோட' என்று வசனத்தைத் திருப்புங்கள்.

கொட்டாஞ்சேனையிலிருந்து: எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் ஒருவர் தடுமாறும் இடத்தில் என்ன போடலாம்?

இங்கே தமிழுக்கு ஆங்கிலத்தைவிட வசதி அதிகம். நாங்கள் முன்பின் தெரியாதவரையும் உறவுமுறை வைத்துத்தான் கூப்பிடுகிறோம். 'அண்...', 'அக்...' என்று முதல் அசையோடு வெட்டிவிடுங்கள். அலுவலகக் காட்சியென்றால் 'சேர்... மிஸ்...'. ஒரே திரையில் இரண்டையும் காட்டாதீர்கள். தனித்தனித் திரையாக, இடையில் அரை விநாடி விட்டால் தடுமாற்றம் தெரியும். சிரிப்பு பேட்டைப் பார்த்தல்ல, கேட்கிறவரின் தவிப்பைப் பார்த்துத்தான் வரவேண்டும்.

மருதானையிலிருந்து: சிங்களத்தில் போடும் நண்பருக்கு இந்தத் தொல்லையே இல்லையாம். அவருடைய கோப்பிலிருந்து மொழிபெயர்க்கலாமா?

பேச்சுச் சிங்களத்தில் 'எயா' இருபாலுக்கும் பொது, வினையும் மாறாது. அதனால் ஆங்கிலம் எந்த இடத்தில் வேண்டுமென்றே பாலை மறைக்கிறது என்பது அந்தக் கோப்பில் தெரியாது. நேரக் குறியீட்டை மட்டும் எடுங்கள். வசனத்தை ஆங்கிலத்திலிருந்தே செய்யுங்கள்.

தெஹிவளையிலிருந்து: பேட்டைத் 'திருநங்கை' என்று சொல்லலாமா?

கூடாது. திருநங்கை தன்னைப் பெண்ணென்று அறிந்து வாழ்பவர். அது தெளிவான அடையாளம். பேட்டின் பால் படம் பார்ப்பவருக்குச் சொல்லப்படாத ஒன்று, அவ்வளவுதான். தமிழ்ப்பட நகைச்சுவையில் பழகிப்போன 'ஒன்பது' போன்ற வசவுகளும் வேண்டவே வேண்டாம். மூலத்தில் இல்லாத இழிவைச் சேர்ப்பது மொழிபெயர்ப்பல்ல. பேட்டின் துணையாக டேவ் ஃபோலி நடிக்கும் கிறிஸ்ஸும் அதேமாதிரிப் பாத்திரம். அங்கேயும் 'புருசன்', 'மனுசி' தவிர்த்துப் பெயரைச் சொல்லுங்கள்.

பம்பலப்பிட்டியிலிருந்து: எழுத்தெல்லாம் ஆங்கிலக் குப்பையாகத் தெரிகிறது. நேரமும் போகப் போகப் பிந்துகிறது.

முதலாவது, பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்திருக்கிறீர்கள். யுனிகோடுக்கு மாற்றி, யு.டி.எஃப்-8 ஆகச் சேமியுங்கள். மாற்றியபின் கொம்பும் காலும் சரியா என்று ஒரு தடவை முழுவதும் வாசியுங்கள்.

இரண்டாவது, உங்கள் படக்கோப்பு விநாடிக்கு 25 சட்டகம் ஓடுகிறது, சப்டைட்டில் விநாடிக்கு 23.976 சட்டகத்துக்குச் செய்தது. ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய 2 நிமிடம் 27 விநாடி பிந்தும். முழுக் கோப்பையும் ஒரே அளவு முன்னே தள்ளினால் தொடக்கம் பிழைக்கும். எல்லா நேரத்தையும் 0.959ஆல் பெருக்குங்கள். சப்டைட்டில் மென்பொருளில் சட்டக வேகம் மாற்றும் வசதி இதைத்தான் செய்கிறது.