மலையுச்சிச் சிவன் கோயிலும் ஒரு வரைபடமும்

கேள்வி: பிரே விகார் சிவன் கோயில் கம்போடியாவுக்கே உரியது என்று 1962-லேயே சர்வதேச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. பிறகும் தாய்லாந்து மல்லுக்கு நிற்பது ஏன்?
– வாசகர், கும்பகோணம்

பதில்: தீர்ப்பு கோயிலுக்குக் கிடைத்தது, சுற்றியுள்ள நிலத்துக்குக் கிடைக்கவில்லை. டாங்ரெக் மலைத்தொடரின் விளிம்பில், சுமார் 525 மீட்டர் உயரத்தில் கெமர் (பண்டைய கம்போடிய) மன்னர்கள் எழுப்பிய இக்கோயிலுக்கு வடக்கே, அதாவது தாய்லாந்துப் பக்கம், படிகள் இறங்குகின்றன. தெற்கே கம்போடியப் பக்கம் செங்குத்துப் பாறை. அன்று கம்போடியாவை ஆண்ட பிரான்ஸும் சயாமும் (இன்றைய தாய்லாந்து) 1904-இல் செய்த ஒப்பந்தம், மழைநீர் இரு பக்கமாகப் பிரிந்தோடும் நீர்பிரி மேட்டையே எல்லை என்றது. ஆனால் பிரெஞ்சு அதிகாரிகள் வரைந்து 1908-இல் வெளியான வரைபடமோ கோயிலைக் கம்போடியாவுக்குள் வைத்தது. சயாம் அரசு அதை வாங்கி வைத்துக்கொண்டு பல்லாண்டுகள் வாய் திறக்கவில்லை. 1930-இல் சயாமிய இளவரசர் டாம்ரோங் கோயிலுக்குச் சென்றபோது, பிரெஞ்சுக் கொடி பறக்க, பிரெஞ்சு அதிகாரியே அவரை வரவேற்றார். இளவரசர் மறுப்புச் சொல்லாததோடு, ஊர் திரும்பியபின் அந்த அதிகாரிக்குப் புகைப்படங்களும் அனுப்பிவைத்தார். மௌனம் சம்மதம் என்று நாம் சொல்வதைத்தான் 9-க்கு 3 என்ற பெரும்பான்மையில் நீதிபதிகளும் சொன்னார்கள். நீர்பிரி மேடு உண்மையில் எங்கே ஓடுகிறது என்ற கேள்விக்குள் அவர்கள் போகவே இல்லை. தாய்லாந்து மக்களின் மனத்தாங்கல் அங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து.

2008-இல் யுனெஸ்கோ இக்கோயிலை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்ததும், அருகிலுள்ள 4.6 சதுர கிலோமீட்டர் நிலத்துக்காகத் துப்பாக்கிகள் வெடித்தன. 2011 வரை மோதல் நீடித்தது. கோயில் நிற்கும் மலைமுனை முழுவதும் கம்போடியாவுக்கே என்று 2013-இல் நீதிமன்றம் விளக்கமளித்தபோதும், அடுத்திருக்கும் புனோம் டிராப் குன்றை அது தொடவில்லை.

கேள்வி: 2025 ஜூலைச் சண்டையும் இதே கோயிலுக்காகத்தானா?
– வாசகி, காரைக்குடி

பதில்: இக்கோயிலுக்காக மட்டும் அன்று. ஜூலை 24 அன்று மோதல் முதலில் வெடித்தது, மேற்கே வெகுதொலைவில், தாய்லாந்தின் கட்டுப்பாட்டில் உள்ள தா முவென் தோம் என்ற மற்றொரு கெமர் கோயிலருகே. அதன் கருவறையில் பாறையில் இயற்கையாக அமைந்த லிங்கம் உண்டு. அந்த வழக்கையும் நீதிமன்றத்துக்கே கொண்டுபோகக் கம்போடியா விரும்புகிறது. ஒருமுறை சூடுகண்ட தாய்லாந்தோ அந்நீதிமன்றத்தின் அதிகாரத்தையே ஏற்க மறுத்து, இரு நாட்டு எல்லைக் குழுவே பேசித் தீர்க்கட்டும் என்கிறது.