இந்தப் பருவத்து நிகழ்ச்சிகள்: கேட்டீர்கள், சொல்கிறேன்

நம் துறை ஆய்வு மாணவர்களுக்கான புதுப் பருவத்து நிகழ்ச்சி நிரல் எல்லோருக்கும் வந்து சேர்ந்திருக்கும். வாராந்திரக் கருத்தரங்குகள், மூன்று நிமிட ஆய்வேட்டுப் போட்டி, ஆய்வை ஒரே பெரிய தாளில் காட்டும் போஸ்டர் நாள், சில வைவாக்கள் (ஆய்வேட்டுக்கான வாய்மொழித் தேர்வுகள்), வெளி மாநாடுகளுக்கான அழைப்புகள் என்று நிறையவே இருக்கின்றன. மாணவர் ஒருங்கிணைப்புக் குழுவில் இருப்பதால் கேள்விகளும் என்னிடமே வந்தன. பலர் கேட்டதை ஒன்றாக்கிப் பதில் சொல்லியிருக்கிறேன்.

முதலாண்டு மாணவி: அக்கா, வாரத்துக்கு ஆறேழு அறிவிப்பு வருது. எல்லாத்துக்கும் போகணுமா?

வேண்டாம். உங்கள் பிரிவின் வாராந்திரக் கருத்தரங்குக்கு மட்டும், புரியாவிட்டாலும் போங்கள். முதல் பருவத்தில் யாருக்கும் புரியாது. மொத்தத் துறைக்குமான பொது உரைகளில் முதல் கால் மணி நேரம் எல்லோருக்கும் எட்டுகிற மாதிரி இருக்கும், அதற்காகவே போகலாம். மற்றதை விட்டுவிடுங்கள்.

ஆனால், போகாத நிகழ்ச்சியின் அறிவிப்பையும் கடைசி வரி வரை படியுங்கள். நிகழ்ச்சி நடக்கும் நாள் மேலே பெரிய எழுத்தில் இருக்கும். பதிவு எப்போது முடிகிறது, பேச விரும்பும் ஆய்வின் சுருக்கத்தை எப்போது தர வேண்டும், நிதியுதவிக்கு எப்போது விண்ணப்பிக்க வேண்டும் என்பதெல்லாம் அடியில் பொடி எழுத்தில்தான் கிடக்கும். வாய்ப்புகள் கைநழுவுவது பெரும்பாலும் அங்கேதான்.

இரண்டாமாண்டு மாணவர்: மாநாடு நடக்க இன்னும் எட்டு மாசம் இருக்கே. இப்பவே ஏன் அவசரப்படுத்துறீங்க?

பின்னாலிருந்து எண்ணிப் பாருங்கள் தம்பி. மாநாடு வெளிநாட்டில் என்றால் விசா வேண்டும், அதற்கு வாரங்கள் பிடிக்கும், சில இடங்களில் மாதங்களே ஆகும். விசாவுக்கு அழைப்புக் கடிதம் வேண்டும். கடிதம் வர வேண்டுமென்றால் உங்கள் சுருக்கம் ஏற்கப்பட்டிருக்க வேண்டும். ஏற்பு முடிவு வருவதற்கு முன் மதிப்பீட்டாளர்களுக்கு ஓரிரு மாதமாவது தேவை. அதற்கும் முன்னால் சுருக்கத்தைக் கைடு படிக்க வேண்டும், இணை ஆசிரியர்கள் அனைவரும் சம்மதிக்க வேண்டும். அவர்களில் ஒருவராவது மின்னஞ்சலுக்குப் பத்து நாள் கழித்துத்தான் பதில் போடுவார். எட்டு மாதம் எங்கே போனதென்றே தெரியாது.

பயண நிதியிலும் ஒரு சிக்கல் உண்டு. விண்ணப்பத்தின் கடைசி நாள், சுருக்கம் ஏற்கப்பட்ட செய்தி வருவதற்கு முன்பே முடிந்துபோவதுண்டு. ‘முடிவு நிலுவையில்’ என்று எழுதி விண்ணப்பிக்கலாமா என அலுவலகத்தில் கேளுங்கள், பல இடங்களில் ஏற்றுக்கொள்வார்கள். பணம் முன்கூட்டிக் கிடைக்குமா, செலவு செய்த பிறகு ரசீது காட்டித்தான் வாங்க வேண்டுமா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். மாநாட்டில் மாணவத் தன்னார்வலர்களைச் சேர்க்கிறார்களா என்றும் பாருங்கள். சில மணி நேரம் வேலை செய்தால் பதிவுக் கட்டணத்தை விட்டுக்கொடுக்கும் மாநாடுகள் உண்டு.

கடைசி நாள் ‘15, ஏஓஇ’னு போட்டிருக்கு. எந்த ஊர் நேரம் அது?

‘எனிவேர் ஆன் எர்த்’ என்பதன் சுருக்கம் அது. பூமியில் எங்காவது ஓரிடத்தில் 15ஆம் தேதி மிச்சம் இருக்கும் வரை அனுப்பலாம் என்று அர்த்தம். உலக நேரத்துக்கு (யூ.டி.சி.) 12 மணி நேரம் பின்தங்கிய மண்டலத்தைக் கணக்கில் எடுப்பார்கள். அதாவது உலக நேரப்படி 16ஆம் தேதி பகல் 11.59 வரை. இந்தச் சலுகையை நம்பிக் கடைசி ஒரு மணி நேரத்தில் உட்காராதீர்கள். அந்த நேரத்தில் தளம் திணறும்.

‘தங்கள் மகத்தான ஆய்வைப் பேச அழைக்கிறோம்’னு ஒரு மாநாட்டிலிருந்து மெயில் வந்திருக்கு. நான் இன்னும் எதையும் வெளியிடவே இல்லையே!

பதிலை நீங்களே சொல்லிவிட்டீர்கள். மருத்துவம், பொறியியல், மேலாண்மை எல்லாம் ஒரே கூரையின் கீழ், ஓரிரு நாளில் ஏற்பு, உடனே கட்டணம் என்றால் விலகிவிடுங்கள். 2005இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. மாணவர்கள் மூவர், ஒரு கணினி நிரல் கோத்துக் கொடுத்த அர்த்தமற்ற கட்டுரையை ஒரு மாநாட்டுக்கு அனுப்பினார்கள். அதையும் ஏற்றுக்கொண்டார்கள்! அமைப்புக் குழுவில் உங்கள் துறையில் அறியப்பட்டவர்கள் இருக்கிறார்களா, பெயர் போட்டிருப்பது அவர்களுக்குத் தெரியுமா என்று விசாரியுங்கள். கைடிடம் ஒரு வார்த்தை கேட்டாலே பாதி விஷயம் தெளிந்துவிடும்.

மூன்று நிமிடப் போட்டிக்குப் பேர் கொடுத்துட்டேன். ஸ்லைடு எத்தனை போடலாம்?

ஒன்றே ஒன்று, அதிலும் அசைவு எதுவும் கூடாது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகம் 2008இல் தொடங்கிய போட்டி இது. ஒலி, காணொளி, கையில் பொருள் எதுவும் அனுமதி இல்லை. பாட்டாகப் பாடுவதும் செல்லாது. மூன்று நிமிடத்தைத் தாண்டினால் தகுதி இழப்பு, ஆகவே இரண்டே முக்கால் நிமிடத்துக்கு எழுதுங்கள். முறைமையை விளக்குவதிலேயே எல்லோரும் நேரத்தைக் கரைக்கிறார்கள். நடுவர்களில் பலர் வேறு துறைக்காரர்கள். அவர்களுக்கு எந்தக் கேள்வி, ஏன் அது இதுவரை தீரவில்லை என்பது போதும்.

போஸ்டருக்கு டிப்ஸ்?

ஏ0 அளவு என்றால் 841 x 1189 மில்லிமீட்டர். நிற்கும் வாக்கிலா, படுக்கை வாக்கிலா என்பதை அச்சுக்குக் கொடுக்கும் முன் உறுதி செய்யுங்கள். பலகை ஒரு வாக்கிலும் தாள் ஒரு வாக்கிலும் இருந்தால் கஷ்டம். முடிவை நடுவில் பெரிய எழுத்தில் போடும் பாணியை மைக் மாரிசன் என்ற அமெரிக்க உளவியல் ஆய்வு மாணவர் 2019இல் பரப்பினார். எனக்கு அது முழுக்கப் பிடிக்காது, ஆனால் கட்டுரையை அப்படியே ஒட்டிவைப்பதற்கு எவ்வளவோ மேல்.

பகுதிநேர ஆய்வாளர்: வேலையும் குழந்தையும் இருக்கு. மாலை நேர நிகழ்ச்சி எதுக்கும் வர முடியல. எனக்கு மட்டும் எதுவும் தெரியாம போகுதுன்னு தோணுது.

அந்தக் குறை உங்களுடையதில்லை. உரைகளைப் பதிவு செய்ய, பேச்சாளரின் அனுமதியோடு, இந்தப் பருவத்தில் ஏற்பாடு இருக்கிறது. ஆனால் பதிவில் கிடைக்காதது உரைக்குப் பிந்தைய பேச்சு. வெளியிலிருந்து பேச்சாளர் வரும்போது மாணவர்களுக்குத் தனியாக நேரம் ஒதுக்கப்படும், பெரும்பாலும் பகலில். அந்தப் பட்டியல் காலியாகவே கிடக்கிறது. பெயர் போடுங்கள், அரை மணி நேரம் கிடைக்கும்.

என் கட்டுரை ஏத்துக்கிட்டாங்க. செய்திமடல்ல போடச் சொன்னா பீத்திக்கிற மாதிரி இருக்காதா?

இருக்காது. அடுத்தவர் என்ன செய்கிறார் என்று தெரிவதற்கு வேறு வழி ஏது? ஒன்று மட்டும் கவனம். சில இதழ்கள் வெளியீட்டு நாள் வரை முடிவுகளை ஊடகத்துக்குச் சொல்ல விடாது. நியூ இங்கிலாந்து மருத்துவ இதழின் ஆசிரியர் இங்கல்ஃபிங்கர் 1969இலேயே இப்படி ஒரு விதியைக் கொண்டுவந்தார். ஏற்புக் கடிதத்தை ஒருமுறை படித்துவிட்டுத் தகவல் அனுப்புங்கள், ஆய்வாளரை அடையாளம் காட்டும் 16 இலக்க ஆர்கிட் எண்ணோடு. பெயரை ஓரிடத்தில் முதலெழுத்தோடும் ஓரிடத்தில் விரித்தும் எழுதியிருந்தாலும் கட்டுரைகள் சிதறாமல் இருக்க அந்த எண் உதவும்.

துறை ஆசிரியர்: கருத்தரங்கில் மாணவர்கள் கேள்வியே கேட்பதில்லையே, ஏன்?

ஐயா, முதல் மூன்று கேள்விகளையும் ஆசிரியர்களே கேட்டுவிடுகிறீர்கள். முதல் கேள்வி மாணவருக்கு என்று அமர்வுத் தலைவர் அறிவித்துவிட்டு ஒரு நிமிடம் அமைதியாகக் காத்திருந்தால் நிலைமை மாறும்.

அடுத்தவங்க வைவாவுக்கு நான் போய் என்ன பண்ணப் போறேன்?

உங்கள் வைவா எப்படி இருக்கும் என்று பார்க்கப் போகிறீர்கள். எல்லா நாட்டிலும் இந்த வாய்ப்பு இல்லை. பிரிட்டனில் பொதுவாக மூடிய அறைக்குள் நடக்கும். நெதர்லாந்தில் பொதுவில் நடக்கும், நேரம் முடிந்ததும் கோலோடு ஒருவர் வந்து அறிவிப்பார், பதில் பாதியில் நின்றாலும் சரி. சுவீடனில் ஆய்வேட்டை ஆணியடித்து மாட்டிப் பொதுவில் அறிவிக்கும் வழக்கம் உண்டு, அதுவும் தேர்வுக்கு வாரக்கணக்கில் முன்னால், யார் வேண்டுமானாலும் படித்துவிட்டு வரட்டும் என்று. இங்கேயும் பொது வைவா என்றால் சுருக்கத்தையாவது படித்துவிட்டுப் போங்கள். தேர்வாளர் எந்த இடத்தில் நிறுத்துகிறார், ‘தெரியாது’ என்பதை மாணவர் எப்படிச் சொல்கிறார் என்று கவனியுங்கள்.

வைவா முடிஞ்ச அன்னிக்கே பேருக்கு முன்னாடி ‘டாக்டர்’னு செய்தியில போடலாமா?

திருத்தங்கள் முடிந்து பல்கலைக்கழகம் முறைப்படி அறிவிக்கும் வரை ‘வைவாவில் தேர்ச்சி’ என்றுதான் போடுவோம். வீட்டில் எப்படி வேண்டுமானாலும் கூப்பிடச் சொல்லிக்கொள்ளுங்கள்.