கருங்கல்லில் பழகிய கைக்கு மணற்கல் ஒத்துவருமா?

கேள்வி: கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பாறைகளில் இரண்டு வருடமாக ஏறுகிறேன். மார்ச்சில் நண்பர்களோடு ஜோர்டானின் வாடி ரம் பாலைவனத்துக்குப் போகிறேன். அங்கே போல்ட் (பாறையில் நிரந்தரமாக அடித்த ஆணி) இல்லாத 12 மீட்டர் விரிசல் ஒன்றில், நானே கேம் (விரிசலுக்குள் பற்கள் விரிந்து பிடித்து, ரோப்பைத் தாங்கும் கருவி) வைத்து முதல் ஆளாக ஏற ஆசை. குட்டை ரூட்தானே, இந்தப் பழக்கம் போதாதா?

பதில்: ‘குட்டை ரூட்தானே’ என்கிறீர்களே, அதுதான் எனக்கு உறுத்துகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். கடைசி கேம் 3 மீட்டரில் இருக்கிறது, உங்கள் இடுப்பு 5 மீட்டரில். விழுந்தால் கேமுக்கு மேலே இருந்த 2 மீட்டர் கேமுக்குக் கீழேயும் போய், இடுப்பு 1 மீட்டர் உயரத்துக்கு வந்துவிடும். அதாவது கால் ஏற்கெனவே தரையில். ரோப் நீளுவதையும், கீழே பிடிப்பவர் விட்டிருக்கும் தளர்வையும் இன்னும் சேர்க்கவே இல்லை. அதனால் முதல் 6 மீட்டருக்கு, மீட்டருக்கு ஒரு கேம் வையுங்கள். ஏறும் வேகம் போனால் போகட்டும்.

அடுத்தது கல். நம்ம ஊர்க் கருங்கல்லைக் குவாரிக்காரர்கள் தட்டிப் பார்த்தே சொல்வார்கள்: ‘கணீர்’ என்றால் நல்ல கல், ‘பொத்’ என்றால் உள்ளே பிளவு. வாடி ரம்மில் இருப்பது மணற்கல். அதிலும் தட்டிப் பாருங்கள், ஆனால் சத்தத்தை மட்டும் நம்ப முடியாது. கேம் ஆப்பு மாதிரி வேலை செய்வது. கீழே இழுக்கும் விசையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கில் அது இரு பக்கச் சுவரையும் தள்ளும். கருங்கல் அதைத் தாங்கும். மணற்கல்லில் மேல்தோல் பொடிந்து கேம் வழுக்கி வரலாம். எனவே விளிம்பை விட்டு நன்றாக உள்ளே, பற்கள் பாதிக்கு மேல் சுருங்கிய நிலையில் வையுங்கள். கடினமான இடத்துக்கு முன்னால் இரண்டு கேம் இருக்கட்டும்.

அப்புறம், மழை. ஈர மணற்கல் நனைந்த வெல்லக்கட்டி மாதிரி. உருவம் அப்படியே இருக்கும், அழுத்தினால் உதிரும். மேற்பரப்பு காய்ந்திருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். பாறையடி மண்ணைக் கொஞ்சம் தோண்டுங்கள். உள்ளே ஈரம் தெரிந்தால் அன்று ஏற வேண்டாம்.

பாலைவன விரிசல்களில் பல, மேலிருந்து கீழ்வரை ஒரே அகலம். 1978இல் அமெரிக்கப் பாறையேறி ரே ஜார்டினின் கேம்கள் விற்பனைக்கு வந்த பிறகுதான் அப்படிப்பட்ட விரிசல்களில் நம்பி ஏற முடிந்தது. நட் (இடுக்கில் செருகும் உலோக ஆப்பு) சிக்கிக்கொள்ள அங்கே இடுக்கே கிடைக்காது. ஆகவே விரிசலின் அகலத்தை முன்பே விசாரித்து, அதே அளவில் ஐந்தாறு கேம் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஒன்று என்று நண்பர்களிடம் இரவல் வாங்கினாலே தேறிவிடும்.

போவதற்குள் ஊரிலேயே, மேலிருந்து ரோப் கட்டி, விரிசல் விளிம்பைப் பிடிக்காமல் கையை உள்ளே நுழைத்து மட்டுமே ஏறிப் பழகுங்கள். கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கினால் கை உப்பி இறுகும். பாதத்தைச் சாய்த்து நுழைத்து, முட்டியை நிமிர்த்துங்கள். புறங்கைக்கு டேப் கட்டாயம். முதல்முறை மணற்கல்லில் நான் அதை அலட்சியம் செய்து, ஒரு வாரம் ரசம் சோற்றைக் கரண்டியால் சாப்பிட்டேன்.

ரோப் மாட்டி இறங்கும் இடத்தில், முன்பு வந்தவர்கள் விட்டுப்போன பழைய நைலான் வார்கள் கட்டிக் கிடக்கலாம். வெயிலில் வெளுத்த வாரில் உயிரைத் தொங்கவிடாதீர்கள். சொந்தமாக ஒரு வாரும், பழையதை அறுக்கச் சின்னக் கத்தியும் கொண்டுபோங்கள்.