வாசகர் கேள்வி – பதில்: ஓவர்டிரைவ் பொத்தானை எப்போது அழுத்துவது?

கேள்வி: என்னிடம் 1999-ஆம் ஆண்டின் டாட்ஜ் ராம் 2500 டீசல் பிக்கப் டிரக் இருக்கிறது. கம்மின்ஸ் 5.9 லிட்டர் எஞ்சின், நான்கு கியர் கொண்ட ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன். கோடையில் ஏறத்தாழ 8,000 பவுண்டு எடையுள்ள கேம்பர் டிரெய்லரை மலைப்பக்கம் இழுத்துச் செல்வதுண்டு. “டிரெய்லர் மாட்டினால் ஓவர்டிரைவை அணைத்துவிட்டுத்தான் ஓட்ட வேண்டும்” என்கிறார் ஒரு நண்பர். “கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும், நீங்கள் கை வைக்காதீர்கள்” என்கிறார் இன்னொருவர். யார் சொல்வதைக் கேட்பது?
— வாசகர், டென்வர், கொலராடோ

பதில்: உங்கள் நண்பர்கள் இருவருமே சாலையைப் பார்க்காமல் சொல்கிறார்கள். ஓவர்டிரைவ், அதாவது எஞ்சின் குறைவாகச் சுற்றியே வண்டி வேகமாகப் போக வைக்கும் மேல் கியர், கெட்ட கியர் அல்ல. அதைத் தவறான இடத்தில் பிடித்துக்கொண்டிருப்பதும், அதற்கும் மூன்றாவது கியருக்கும் இடையே ஓயாமல் போய்வருவதும்தான் டிரான்ஸ்மிஷனைத் தேய்க்கின்றன.

உங்கள் டிரக்கில் உள்ள 47 ஆர்.ஈ. டிரான்ஸ்மிஷனின் மூன்றாவது கியர் நேர் கியர். எஞ்சின் ஒரு சுற்று சுற்றினால், பின் சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டும் ஒரு சுற்று சுற்றும். நான்காவதான ஓவர்டிரைவில் எஞ்சின் 0.69 சுற்று சுற்றினாலே ஷாஃப்ட் ஒரு முழுச் சுற்று சுற்றிவிடுகிறது. பின் அச்சின் விகிதம் 3.54 என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 65 மைல் வேகத்தில் ஓவர்டிரைவில் எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 1,700 சுற்றும், மூன்றாவது கியரில் சுமார் 2,500 சுற்றும் ஓடும். சமதளத்தில் வெறும் வண்டியாகப் போகும்போது 1,700 சுற்றே போதும். அங்கே ஓவர்டிரைவை அணைத்துவிட்டு ஓட்டுவது டீசலை வீணாக்குவதைத் தவிர வேறெதற்கும் உதவாது.

சுமையோடு மேடு ஏறும்போது கணக்கு மாறுகிறது. சக்கரத்தில் அதே இழுவிசை கிடைக்க வேண்டுமானால், மூன்றாவது கியரில் எஞ்சின் கொடுக்க வேண்டிய முறுக்குவிசையைப் போல ஏறத்தாழ 1.45 மடங்கை ஓவர்டிரைவில் கொடுத்தாக வேண்டும். கம்மின்ஸ் எஞ்சினால் அது முடியும். 1,600 சுற்றிலேயே அதன் உச்ச முறுக்குவிசை கிடைத்துவிடுகிறது என்பதால், அது முனகாமல் இழுப்பதைக் கண்டு ஓட்டுநர் ஏமாந்துபோகிறார். ஆனால் அந்த விசை முழுவதும், எஞ்சினையும் டிரான்ஸ்மிஷனையும் எண்ணெய் மூலம் இணைக்கும் டார்க் கன்வெர்ட்டருக்குள் இருந்து, இரண்டையும் வழுக்காமல் நேரடியாகப் பூட்டும் ஒற்றைத் தட்டு லாக்கப் கிளட்ச்சின் வழியாகவும், அதன் பின் ஓவர்டிரைவ் பகுதியின் கிளட்ச்சின் வழியாகவும் கடந்தாக வேண்டும். எஞ்சினுக்கு வலிக்காத இடத்தில் அவற்றுக்கு வலிக்கிறது.

இதைவிட மோசமானது ஊசலாட்டம். மேடு சற்றுக் கூடியதும் லாக்கப் விடுபடுகிறது. பிறகு கியர் மூன்றுக்கு இறங்குகிறது. வேகம் கொஞ்சம் கூடியதும் மீண்டும் நான்குக்கு ஏறி லாக்கப் பிடிக்கிறது. அரை நிமிடத்தில் எல்லாம் திரும்பவும் நிகழ்கிறது. ஆற்றில் ஒரு காலும் சேற்றில் ஒரு காலுமாக நிற்கும் இந்த நிலையில், ஒவ்வொரு மாற்றத்திலும் கிளட்ச் தட்டுகள் வழுக்கிப் பிடிக்கின்றன. லாக்கப் இல்லாத நேரமெல்லாம் கன்வெர்ட்டருக்குள் எண்ணெய் கடையப்பட்டுச் சூடாகிறது. எண்ணெய் 175 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டிய பின் ஒவ்வொரு 20 டிகிரிக்கும் அதன் ஆயுள் பாதியாகும் என்று அமெரிக்க மெக்கானிக்குகளிடையே ஒரு கணக்கு உண்டு. அதைத் துல்லியமான விதியாகக் கொள்ள வேண்டாம். ஆனால் அது காட்டும் திசை சரியானது.

ஓவர்டிரைவை அணைக்கும் பொத்தானை அழுத்திவிட்டால் மூன்றாவது கியரே மேல் எல்லையாகிவிடும். அதே கியரில் லாக்கப்பும் பிடித்துக்கொள்ளும். ஆகவே ஊசலாட்டமும் நிற்கும், எண்ணெயும் குளிரும். 2,500 சுற்று என்பது இந்த எஞ்சினுக்குப் பாதுகாப்பான ஓட்டந்தான். சத்தம் கூடுவதைக் கேட்டு அஞ்ச வேண்டியதில்லை.

கம்ப்யூட்டரிடமே விட்டுவிடலாமே என்ற இரண்டாவது நண்பருக்கும் ஒரு பதில் உண்டு. அக்காலத்துக் கம்ப்யூட்டருக்கு உங்கள் கால் எவ்வளவு அழுத்துகிறது, வண்டி எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதுதான் தெரியும். எதிரே வரும் மேடு தெரியாது. டென்வரிலிருந்து ஐ-70 நெடுஞ்சாலையில் 11,000 அடிக்கும் மேலே இருக்கும் ஐசன்ஹோவர் சுரங்கத்தை நோக்கிப் போகிறவருக்கு அது தெரியும். மேடு தொடங்கும் முன்பே, கியர் தானாக இறங்குவதற்குக் காத்திராமல், ஓவர்டிரைவை அணைத்துவிடுங்கள். நம் ஊர் மலைப்பாதைகளில் கைக்கியர் லாரி ஓட்டிப் பழகியவருக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆட்டோமேட்டிக் வண்டிதான் நம்மை மறக்கடித்துவிடுகிறது.

மேடு மட்டுமே காரணம் அல்ல. கிழக்கே கான்சஸ் பக்கம் சாலை தட்டையாக இருந்தாலும், கேம்பரின் அகன்ற முகப்பில் எதிர்காற்று அறைந்தால் அதுவும் ஒரு மேடுதான். அடையாளம் எளிது: வேகத்தைத் தக்கவைக்க ஆக்சிலரேட்டரை ஆழமாக அழுத்தியும் சுற்று 1,600-க்குக் கீழே சரிந்தாலோ, ஓரிரு நிமிடத்துக்குள் கியர் இரண்டு முறை மாறிவிட்டாலோ அணைத்துவிடுங்கள்.

கேள்வி: வண்டி ஓடும்போதே பொத்தானை அழுத்தலாமா? ஒருமுறை அணைத்துவிட்டால் அப்படியே இருக்குமா?
— வாசகர், ஹூஸ்டன், டெக்சாஸ்

பதில்: அழுத்தலாம், நின்றுதான் அழுத்த வேண்டும் என்பதில்லை. மூன்றாவது கியரில் எஞ்சின் தாங்கும் வேகத்தில் இருக்கிறீர்களா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். மீண்டும் ஓவர்டிரைவுக்குப் போகும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலைச் சற்றுத் தளர்த்தினால் கிளட்ச் மெதுவாகப் பிடிக்கும். முழு அழுத்தத்தில் மாற்றினால் உதறிப் பிடிக்கும். எஞ்சினை நிறுத்தி மறுபடி இயக்கினால் அமைப்பு பழையபடி ஓவர்டிரைவுக்கே திரும்பிவிடும். வழியில் டீசல் போட நிறுத்தியவர்கள் பலரும் இதை மறந்துவிடுகிறார்கள்.

கேள்வி: ஃபீனிக்ஸிலிருந்து டிரெய்லருடன் ஏறி வந்த பின் எண்ணெய் கருகிய வாடை அடித்தது. வண்டியைப் பார்க்கில் போட்டு எஞ்சினை ஓடவிட்டேன். என்னுடையதும் 47 ஆர்.ஈ. தான். செய்தது சரியா?
— வாசகர், ஃபிளாக்ஸ்டாஃப், அரிசோனா

பதில்: எஞ்சினை ஓடவிட்டது சரி, பார்க்கில் போட்டது சரியல்ல. இந்த வகை டிரான்ஸ்மிஷனில் பார்க் நிலையில் கன்வெர்ட்டருக்கும், எண்ணெயைக் குளிர்விக்கும் கூலருக்கும் எண்ணெய் ஓட்டம் கிடைப்பதில்லை. எனவே சூடான எண்ணெய் கன்வெர்ட்டருக்குள்ளேயே தங்கிவிடுகிறது. சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக்கை இறுக்கி, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, நியூட்ரலில் சில நிமிடங்கள் ஓடவிடுங்கள். இதில் எண்ணெய் அளவைப் பார்ப்பதும் நியூட்ரலில்தான். வாடை அடித்துவிட்டது என்றால் எண்ணெயும் ஃபில்டரும் மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது. பழைய எண்ணெயில் கறுப்புத் துகள்கள் மிகுதியாக இருந்தால் மெக்கானிக்கிடம் காட்டாமல் டிரெய்லரை மாட்டாதீர்கள். ஒரு வெப்பமானியைப் பொருத்திக்கொள்வதும் நல்லது. கன்வெர்ட்டரிலிருந்து கூலருக்குப் போகும் குழாயில் பொருத்தினால் ஏற்றத்தில் முள் எகிறுவது உடனே தெரியும். எண்ணெய்த் தொட்டியில் பொருத்தினால் அது தாமதமாகவே தெரியும்.

கேள்வி: என்னுடையது 2007-ஆம் ஆண்டின் டீசல் சில்வராடோ. ஆறு கியர் ஆலிசன் டிரான்ஸ்மிஷன். ஓவர்டிரைவை அணைக்கும் பொத்தானையே காணோமே?
— வாசகர், அட்லாண்டா, ஜார்ஜியா

பதில்: அதில் ஐந்தும் ஆறும் இரண்டுமே ஓவர்டிரைவ் கியர்கள். ஆறாவதின் விகிதம் 0.61 என்பதால், முதல் பதிலில் சொன்ன 1.45 மடங்கு அங்கே 1.64 ஆகிவிடும். அந்தப் பொத்தானின் வேலையை இதில் ‘டோ/ஹால்’ (இழுவை/சுமை) பொத்தான் செய்கிறது. மேல் கியருக்குப் போவதைத் தள்ளிப்போடுவதோடு, இறக்கத்தில் பிரேக் மிதிக்கும்போது கியரைத் தானே குறைத்து எஞ்சினால் வண்டியைப் பிடித்துவைக்கவும் அது உதவும். டிரெய்லர் மாட்டியதும் அதை அழுத்திவிடுங்கள். அப்படியும் நீண்ட ஏற்றத்தில் ஆறாவதுக்கும் ஐந்தாவதுக்கும் இடையே வண்டி தத்தளித்தால், கியர் நெம்பை ‘எம்’ நிலைக்கு இறக்கி ஐந்தாவதையே மேல் எல்லையாக வைத்துக்கொள்ளலாம்.