வெள்ளைக்கார மேனேஜர் சீன மொழி கத்துக்கணுமா, இல்ல இன்டர்பிரிட்டர் போதுமா?

கேள்வி இதுதான்: "எங்க ஐரோப்பிய பாஸ் சீனாவுக்கு மாத்தலாகிப் போறார். ஆறு மாசம் மொழி கிளாஸ் போகட்டுமானு யோசிக்கிறார். இன்டர்பிரிட்டர் வெச்சுக்கிட்டா பத்தாதா?"

பத்தாது. ஆனா நீங்க நினைக்கிற காரணத்துக்காக இல்ல.

நான் தாய்சாங்ல மூணு வருஷம் வேலை பாத்தேன். ஷாங்காய் பக்கத்துல, சூசோவுக்குள்ள வர்ற ஊரு. 1993ல முதல் ஜெர்மன் கம்பெனி அங்க வந்துச்சாம், இப்ப 500க்கு மேல இருக்கு, ஜெர்மன் பேக்கரியே இருக்குனா பாத்துக்கோங்க. எங்க மேனேஜரும் ஜெர்மன்காரர்தான், நல்ல மனுஷன், பங்க்சுவாலிட்டி, எக்செல் ஷீட், எல்லாம் பக்கா.

ஒரு டிசம்பர்ல சப்ளையர் மீட்டிங். டூலிங் பார்ட்ஸ் மார்ச் 15க்குள்ள வருமானு இவர் கேட்டார். அந்த சப்ளையர் டீ கப்ப ஒரு சுத்து சுத்திட்டு, பல்லிடுக்குல "ஸ்ஸ்"னு காத்த இழுத்துட்டு, "யிங்காய் மெய் வென்தி"னார். இன்டர்பிரிட்டர் பொண்ணு "நோ ப்ராப்ளம்"னு சொல்லிச்சு. இவர் ஷீட்ல பச்சை கலர் அடிச்சிட்டார். மீட்டிங் முடிஞ்சு வெளிய வந்ததும் எங்க பர்சேஸ் அக்கா என்கிட்ட மெதுவா சொன்னாங்க, "ஏப்ரல்தான்"னு. எப்படிக்கா தெரியும்னு கேட்டா, "யிங்காய்"னு சொன்னாரே கேக்கலையாங்கறாங்க. மெய் வென்தினா பிரச்சனை இல்ல. யிங்காய்னா "அப்படித்தான் இருக்கணும்னு நெனைக்கிறேன்"ங்கற மாதிரி ஒரு இழுவை. அந்த ஒரு வார்த்தைதான் மொத்த பதிலும், அதத்தான் அந்தப் பொண்ணு முழுங்கிடுச்சு. பொருள் ஏப்ரல் முதல் வாரம்தான் வந்துச்சு.

நம்ம ஊர்ல கல்யாணத்துக்குக் கூப்பிட்டா "பாப்போம்"னு ஒருத்தர் சொல்றார்னா அவர் வரமாட்டார்னு நமக்குத் தெரியும்ல, அதேதான். அங்க "யென்ஜியூ யென்ஜியூ"ம்பாங்க, "கொஞ்சம் ஆராய்ஞ்சு பாக்கறோம்"னு அர்த்தம், தொண்ணூறு பர்சன்ட் அதுக்கு "முடியாது"னுதான் அர்த்தம். (இதுல ஒரு பழைய ஜோக் உண்டு, சிகரெட்டும் சாராயமும்ங்கறதுக்கும் டோன், அதாவது குரலோட ஏத்த இறக்கம் மட்டும் மாத்தினா இதே உச்சரிப்பு, அதனால ஆபீசர் "ஆராயணும்"னா என்ன கொண்டு வரணும்னு புரிஞ்சுக்கோனு கிண்டல் பண்ணுவாங்க.) "கொஞ்சம் வசதிப்படாது"னா சுத்தமா இல்ல. நேரா "முடியாது"ங்கற வார்த்தைய மூணு வருஷத்துல நான் விரல்விட்டு எண்ற அளவுக்குத்தான் கேட்டேன்.

இதுல இன்னொரு சிக்கல், சீன மொழில யெஸ், நோனு தனியா ஒத்தை வார்த்தை கிடையாது. "இருக்கா?"னா "இருக்கு", "வந்தாச்சா?"னா "வந்தாச்சு", நாம பேசற மாதிரியேதான். ஆனா "ட்ராயிங் இன்னும் வரலையா?"னு கேட்டா "துய்"னு சொல்வாங்க, அதாவது நீங்க சொன்னது சரி, வரல. இங்கிலீஷ்ல அது "யெஸ்"னு வந்து விழும், வெள்ளைக்காரர் ட்ராயிங் வந்துடுச்சுனு சந்தோஷமா போயிடுவார். நம்மாளுங்களுக்கு "ஆமா, வரல" சாதாரணமா புரியும், அவங்களுக்குத்தான் மண்டை காயும். அப்புறம் பேசும்போது நடுநடுல "துய் துய் துய்"னு தலையாட்டறது சம்மதம் இல்ல, "உம்" கொட்டறது.

அதனால உங்க பாஸ கிளாஸ் போகச் சொல்லுங்க, ஆனா பேரம் பேசறதுக்குனு இல்ல. நாலு டோன் இருக்கு, வாங்கறதும் "மாய்", விக்கறதும் "மாய்", டோன்தான் வித்தியாசம், அதுல போய் மீட்டிங்ல வீரம் காட்ட வேண்டாம். யிங்காய், சாபுதுவோ (ஏறக்குறைய), யென்ஜியூ மாதிரி ஒரு முப்பது நாப்பது இழுவை வார்த்தைங்க காதுல விழுந்தாலே போதும், இன்டர்பிரிட்டர் எத விட்டாங்கனு தெரிஞ்சிடும். எழுத்து மெதுவா வரட்டும்.

கேள்விய மாத்தக் கத்துக்கறது அத விட முக்கியம். முடியுமானு கேக்கவே கூடாது. இரும்பு எப்ப வருது, மெஷின்ல இப்ப யாரோட வேலை ஓடுது, முதல் பீஸ நான் எந்த நாள் வந்து பாக்கலாம், இப்படிக் கேட்டா உண்மை தானா வெளிய வரும், அவருக்கும் மியென்ட்ஸ போகாது. மியென்ட்ஸனா மூஞ்சி, நம்ம பாஷைல மானம் மரியாதைனு வெச்சுக்கலாம். எங்க மேனேஜர் ஒருதடவை லைன்ல எல்லார் முன்னாடியும் ஒரு சூப்பர்வைசர சத்தம் போட்டுட்டார், அதுக்கப்புறம் ஒரு மாசத்துக்கு ஒரு ஸ்க்ராப் ரிப்போர்ட் (வீணாப்போன பீஸ் கணக்கு) கூட அவர் டேபிளுக்கு நேரா வரல, எல்லாம் "சாபுதுவோ"தான்.

கூப்பிடற விதமும் இருக்கு. குடும்பப் பேர் முன்னாடி, பதவி பின்னாடி, ஜெனரல் மேனேஜர்னா பேரோட "ட்ஸொங்". துணை ஜெனரல் மேனேஜரா இருந்தாலும் கூப்பிடும்போது அந்த "துணை"ய விட்டுடுவாங்க, மரியாதைக்கு. துணைங்கறதுக்கு "ஃபூ"னு பேரு, பாவம் குடும்பப் பேரே ஃபூனு இருக்கற பெரிய மேனேஜர் காலம் பூரா துணையாவே கேக்கணும். வயசுல மூத்த பொம்பளைங்கள பேரோட "ஜியே"னு கூப்பிடுவாங்க, அக்காதான். நான் அப்படித்தான் பர்சேஸ் அக்காவ பிடிச்சேன்.

விருந்து, கான்பெய் (நம்ம "சியர்ஸ்"), கிளாஸ கொஞ்சம் தாழ்த்தி இடிக்கறது, கடிகாரம் பரிசா குடுக்கக்கூடாதுங்கறதெல்லாம் எல்லாரும் சொல்வாங்க, விட்டுடறேன். யாரும் சொல்லாத ஒண்ணு, சீல். "இல்ல" அங்க எவ்ளோ மெத்துனு இருக்கோ, "ஆமா" அவ்ளோ கெட்டி, அது செவப்பு வட்ட சீல்ல இருக்கு. கையெழுத்து இருந்தும் கம்பெனி சீல் இல்லாத காகிதத்த அங்க ஒருத்தரும் நம்பமாட்டாங்க. சிப் டிசைன் பண்ற ஆர்ம் நிறுவனத்தோட சீனப் பிரிவுல 2020ல போர்டு ஓட்டுப் போட்டு தலைவர நீக்குச்சு, ஆனா சீல் அவர் கையில இருந்ததால கிட்டத்தட்ட ரெண்டு வருஷம் அசைக்க முடியல. உங்க பாஸ் போய் எறங்கின மொத வாரமே சீல் யார் பீரோவுல இருக்குனு கேக்கட்டும்.

அப்புறம் எப்ப கிளம்பறார்னு எழுதல. ஜனவரி கடைசி, பிப்ரவரினா சீனப் புத்தாண்டு எந்த வாரம்னு பாத்துட்டு டிக்கெட் போடச் சொல்லுங்க, அந்த சமயத்துல போனா ஃபேக்டரில வாட்ச்மேன்தான் இருப்பார்.